அறியாமையைச் சட்டமாக்கிய வல்லரசு

அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் துப்பாக்கிச் சூட்டினால் உயிரிழந்தவர்களின் எண்ணிக்கை 46,728. இவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தமது உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்கள். எஞ்சியோரில் மிகப் பெரும்பாலானோர் பிறரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். இதற்கு இரு வருடங்களுக்கு முன்னர், 2021 இல், இந்த எண்ணிக்கை 48,830 என்ற உச்சத்தைத் தொட்டிருந்தது. ஒரு வயது தொடக்கம் 19 வயது வரையான அமெரிக்கர்களின் மரணத்துக்கான காரணங்களில், நீண்டகாலமாக முன்னணியில் இருந்து வந்த வாகன விபத்துகளைப் பின்தள்ளி, 2020 ஆம் ஆண்டில் துப்பாக்கி முதலிடத்தைப் பிடித்துக் கொண்டது.

ஒரு வைரஸோ ஒரு பக்டீரியாவோ ஆண்டுதோறும் இத்தனை உயிர்களைக் காவு கொண்டால் வாஷிங்டன் என்ன செய்யும்? ஆய்வுகூடங்களுக்குக் கோடிக்கணக்கான டொலர்களை அள்ளிக் கொடுக்கும். பல்கலைக்கழகங்களிடம் காரணம் கேட்கும். எங்கே, எப்போது, எவரை, எவ்வாறு தாக்குகிறது என்று வரைபடம் வரைந்து மக்கள் முன் வைக்கும். எயிட்ஸ் விடயத்திலும் புற்றுநோய் விடயத்திலும் கொவிட் விடயத்திலும் அமெரிக்கா இதைத்தான் செய்தது. ஆனால் துப்பாக்கி விடயத்தில் மாத்திரம் உலகின் மிகப் பெரிய விஞ்ஞான வல்லரசு இரு தசாப்தங்களுக்கு மேலாகத் தனது கண்களைத் தானே இறுகக் கட்டிக் கொண்டு இருந்தது. அந்தக் கட்டு தற்செயலாக விழுந்ததல்ல. சட்டம் இயற்றுவோர் கூடிப் பேசித் தீர்மானித்துக் கட்டியது.

இதன் வரலாற்றைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வது அவசியம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையத்தின் ஓர் அங்கமாக, காயங்களைத் தடுப்பதற்கான தேசிய நிலையம் 1992 இல் உருவாக்கப்பட்டது. வீதி விபத்து, தீ, நீரில் மூழ்குதல், வன்முறை ஆகியவற்றால் ஏற்படும் காயங்களையும் நோய்களைப் போன்றே விஞ்ஞான முறையில் ஆராய்ந்து தடுக்க முடியும் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. மறுவருடம், 1993 இல், அந்த நிறுவனத்தின் நிதியுதவியுடன் வைத்தியர் ஆதர் கெலர்மனும் அவரது சகாக்களும் மேற்கொண்ட ஆய்வொன்று, 'நியூ இங்கிலண்ட் மருத்துவச் சஞ்சிகை'யில் வெளியானது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அந்த வீட்டாரைப் பாதுகாப்பதற்குப் பதிலாக, அந்த வீட்டில் கொலை நிகழும் ஆபத்தை ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகரிப்பதுடன் தொடர்புபட்டிருக்கிறது என்பதே அதன் முடிவு.

பாதுகாப்புக்காகவே துப்பாக்கி வாங்குகிறோம் என்று நம்பும் ஒரு சமூகத்தில் இந்த முடிவு எத்தகைய அதிர்ச்சியை ஏற்படுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதிர்ச்சி அடைந்தவர்கள் செய்யக்கூடிய நேர்மையான காரியம் ஒன்று இருந்தது. ஆய்வின் முறையில் குறை இருந்தால் அதைச் சுட்டிக்காட்டி, அதைவிடச் சிறந்த ஆய்வொன்றைக் கோரியிருக்கலாம். தேசிய றைபிள் சங்கம் அதைச் செய்யவில்லை. ஆய்வுக்கு நிதியளித்த நிலையத்தையே இழுத்து மூடிவிட வேண்டும் என்று கொங்கிரஸில் பிரசாரம் செய்தது. மூடுவது கைகூடாத போது அதற்கு அடுத்தபடியானதைச் சாதித்துக் கொண்டது.

1996 இல் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜே டிக்கியின் முயற்சியால் நிதி ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் ஒரேயொரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. காயத் தடுப்புக்கென ஒதுக்கப்படும் பணத்தில் எதுவும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதற்கோ ஊக்குவிப்பதற்கோ பயன்படுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம். 'டிக்கி திருத்தம்' என்று வரலாற்றில் இடம்பிடித்த அந்த வாக்கியத்துடன் கூடவே மற்றொரு காரியமும் நடந்தது. துப்பாக்கிக் காயங்கள் பற்றிய ஆய்வுக்கு அந்த நிறுவனம் முந்திய வருடம் செலவிட்ட 26 இலட்சம் டொலர், அந்தத் தொகை பிசகாமல், அதன் கையிலிருந்து பறிக்கப்பட்டு மூளைக் காயங்கள் தொடர்பான வேலைகளுக்கெனத் திசை திருப்பப்பட்டது.

டிக்கி திருத்தத்தை ஆதரிப்பவர்கள் இன்றும் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு. "அந்தச் சட்டம் ஆய்வைத் தடை செய்யவில்லை, பிரசாரத்தை மாத்திரமே தடை செய்தது. வாசித்துப் பாருங்கள்" என்பார்கள். வாசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆய்வு என்ற சொல்லே அங்கு இல்லை. ஆனால் சட்டத்தின் வலிமை அதன் எழுத்தில் மாத்திரம் இருப்பதில்லை. வாக்கியத்தையும் பண வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எந்த அதிகாரிக்கும் சொல்லப்பட்ட செய்தி தெளிவாகவே விளங்கியது. எது 'ஆய்வு', எது 'ஊக்குவிப்பு' என்பதற்கு வரையறை எதுவும் கொடுக்கப்படவில்லை. வீட்டில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்று ஒரு புள்ளிவிபரம் காட்டினால் அது ஆய்வா, பிரசாரமா? தீர்மானிக்கப் போவது யார்? அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் கைவைக்கப் போகும் அதே அரசியல்வாதிகள் தான்.

இலங்கையில் பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் உழைத்த எவருக்கும் இந்தப் பொறிமுறை அந்நியமானதாக இராது. தணிக்கை அதிகாரியின் பேனை வெட்டிய பத்திகளை விட, வெட்டப்படக்கூடும் என்ற அச்சத்தினால் எழுதப்படாமலே போன பத்திகள் அதிகம். எல்லை எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லப்பட்டால் அதன் விளிம்பு வரை சென்று எழுதலாம். எல்லையை மங்கலாக விட்டுவிட்டால் எல்லோரும் பத்தடி பின்னாலேயே நின்று விடுவார்கள். அமெரிக்க அதிகாரிகளும் அப்படித்தான் நின்றார்கள். 1996 இற்கும் 2012 இற்கும் இடையில் அந்த நிறுவனம் துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவிட்ட தொகை 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ச்சி கண்டது. காயத் தடுப்பு நிலையத்துக்குத் தலைமை தாங்கிய வைத்தியர் மார்க் ரோசன்பேர்க் 1999 இல் பதவி இழந்தார். இளம் ஆய்வாளர்கள் வேறு துறைகளை நாடிச் சென்றார்கள். நிதி கிடைக்காத துறையில், அதுவும் அரசியல் பகையைத் தேடித்தரும் துறையில், வாழ்க்கையை அர்ப்பணிக்குமாறு எந்தப் பேராசிரியர் தன் மாணவனுக்கு ஆலோசனை கூறுவார்?

தப்பித் தவறி வேறொரு வாசலால் ஆய்வு நுழைந்த போது அந்த வாசலும் அடைக்கப்பட்டது. தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதியுதவியுடன் நடந்த ஆய்வொன்று 2009 இல் வெளியாகி, துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர்கள் தாக்குதல்களில் சுடப்படும் ஆபத்து மற்றவர்களை விட அதிகமாக இருந்ததாகக் கூறியது. 2012 ஆம் நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தில் டிக்கியின் அதே நிபந்தனை அந்த நிறுவகங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

பூட்டுகள் இத்துடன் முடிந்துவிடவில்லை. குற்றச்செயல்களில் கைப்பற்றப்படும் துப்பாக்கிகள் எந்தக் கடையில் விற்கப்பட்டவை என்று மத்திய அரசின் முகவரகம் திரட்டி வைத்திருக்கும் தரவுகளைப் பொதுமக்களுக்கோ ஆய்வாளர்களுக்கோ தாராளமாக வெளியிட முடியாதவாறு, கன்சாஸ் உறுப்பினர் டொட் டீஹார்ட்டின் பெயரிலான திருத்தம் 2003 இல் கதவடைத்தது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு எதையும் அரசாங்கம் வைத்திருக்கலாகாது என்று 1986 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கூறியிருந்தது. அதனால் மேற்கு வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பேர்க்கில் உள்ள துப்பாக்கித் தடமறியும் நிலையத்தில், கணினியில் பெயரைத் தட்டித் தேடும் வசதி இல்லாமல், மூடிய கடைகளின் பழைய பதிவேடுகளை ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்வையிட வேண்டியிருக்கிறது. மாநில மட்டத்தில் எத்தனை வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது என்று நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தனது சுகாதாரக் கருத்துக்கணிப்பில் 2001, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் மாநிலங்கள் தோறும் கேட்டது. அதன் பின்னர் அந்தக் கேள்வியே காணாமற் போனது.

புளோரிடா மாநிலம் இன்னுமொரு படி மேலே சென்றது. நோயாளியின் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று வைத்தியர் கேட்பதையே கட்டுப்படுத்தும் சட்டமொன்றை 2011 இல் கொண்டுவந்தது. குழந்தை மருத்துவர் ஒரு தாயிடம், "வீட்டில் நீச்சல் தடாகம் உண்டா? நச்சுத் திரவங்களைப் பூட்டி வைக்கிறீர்களா?" என்று கேட்கலாம். "துப்பாக்கியைப் பூட்டி வைக்கிறீர்களா?" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டும். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டத்தின் முக்கிய பிரிவுகளைப் பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானவை என்று தள்ளுபடி செய்யும் வரை ஆறு வருடங்கள் இந்த வழக்கு இழுபட்டது.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும் போது தெரிவது என்ன? துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைப் பாதுகாப்பது ஒரு விடயம். அந்த உரிமையின் விளைவு என்ன என்று எவரும் அறிந்துவிடாமல் பாதுகாப்பது முற்றிலும் வேறொரு விடயம். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் முதலாவதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தன் உரிமை நியாயமானது என்று உறுதியாக நம்புபவன் கணக்கைக் கண்டு அஞ்ச மாட்டான்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்று நியாயமான கவனிப்புக்கு உரியது. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் சிலர் 1990 களில் நடுநிலையாளர்களாகப் பேசவில்லை என்பது உண்மையே. சிகரெட்டைப் போன்று துப்பாக்கியும் மக்களால் வெறுக்கப்படும் பொருளாக மாறவேண்டும் என்ற பொருள்பட ரோசன்பேர்க் 1994 இல் பேசியிருந்தார். ஓர் அரச ஆய்வு நிறுவனத்தின் அதிகாரிக்கு அது அழகல்ல. முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரத்தைப் பின்னர் தேடுகிறார்கள் என்று துப்பாக்கி உரிமையாளர்கள் சந்தேகப்பட்டதற்கு அப்பேச்சு இடமளித்தது. ஆனால் ஓர் அதிகாரி வரம்பு மீறிப் பேசினால் அவரைக் கண்டிக்கலாம். ஆய்வுகளைச் சுயாதீனமான நிபுணர்களின் பரிசீலனைக்கு உட்படுத்தலாம். தரவுகள் அனைத்தையும் பகிரங்கப்படுத்துமாறு நிபந்தனை விதிக்கலாம். நீதிபதி ஒருவர் பக்கச்சார்பாகப் பேசினார் என்பதற்காக நீதிமன்றத்தையே மூடிவிடுவார்களா?

மற்றொரு வாதம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. "காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ஆய்வு எதற்கு? துப்பாக்கிகளை அகற்றினால் போதும்" என்று சொல்லும் நண்பர்கள் எம்மவர் மத்தியிலும் இருக்கிறார்கள். கேட்பதற்கு இது இனிமையாக இருக்கலாம். ஆனால் மக்களின் எண்ணிக்கையை விடத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை கூடுதலாக உள்ளதென மதிப்பிடப்படும் ஒரு நாட்டில், அரசியலமைப்பு உரிமையாக உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியிருக்கும் நிலையில், நாளை காலை அவை மறைந்துவிடப் போவதில்லை. எனவே, இருக்கும் துப்பாக்கிகளின் மத்தியில் யாரைக் காப்பாற்ற முடியும், எப்படிக் காப்பாற்ற முடியும் என்பதே நடைமுறைக் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஊகங்கள் பதிலாகா. ராண்ட் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, பெரும்பாலான துப்பாக்கிக் கொள்கைகளின் விளைவுகள் குறித்துத் திட்டவட்டமான முடிவுக்கு வரப் போதிய ஆதாரம் இல்லை என்றே கண்டது. ஆதாரம் கிடைத்த மிகச் சில விடயங்களில் ஒன்று, சிறுவர்களின் கைக்கு எட்டாதவாறு துப்பாக்கிகளை வைத்திருக்க வேண்டும் என்று கூறும் சட்டங்கள் உயிர்களைக் காப்பாற்றுகின்றன என்பது. அந்த ஒரு முடிவு எத்தனை பெற்றோரின் கண்ணீரைத் தடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னும் எத்தனை முடிவுகள் கேட்கப்படாத கேள்விகளுக்குள் புதைந்து கிடக்கின்றனவோ?

வீதிப் போக்குவரத்து இதற்குச் சிறந்த உதாரணம். 1966 இல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, விபத்துகள் பற்றிய தரவுகளை முறையாகத் திரட்டத் தொடங்கியது. ஆசனப் பட்டி, காற்றுப் பை, நொறுங்கினாலும் உள்ளிருப்பவரைக் காக்கும் வாகன அமைப்பு, வீதித் தடுப்புகள், மதுபோதைச் சட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. பயணம் செய்யும் தூரத்துக்கு ஏற்பக் கணக்கிடும் மரண வீதம் இன்று அன்றிருந்ததில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எவருடைய காரையும் எவரும் பறிக்கவில்லை.

இந்த ஒப்பீட்டை எடுத்துக் கூறியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜே டிக்கியே தான். கொலராடோவின் அரோரா நகரில் திரையரங்கொன்றில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட 2012 ஜூலை மாதத்தில், தனது முன்னாள் எதிரியான மார்க் ரோசன்பேர்க்குடன் இணைந்து 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கட்டுரை எழுதிய டிக்கி, துப்பாக்கி வன்முறையின் காரணங்களை விஞ்ஞானம் ஆராய வேண்டும் என்று பகிரங்கமாக வேண்டிக் கொண்டார். 2017 இல் காலமாகும் வரை தன் பெயரைத் தாங்கிய திருத்தத்தின் விளைவுகளுக்காக அவர் வருந்தி வந்தார். ஆனால் அவரை விடப் பிடிவாதமாக அவரது வாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தது கொங்கிரஸ். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பாடசாலையில் ஆறும் ஏழும் வயதான 20 குழந்தைகளும் பெரியவர்கள் அறுவரும் கொல்லப்பட்டதை அடுத்து, ஜனாதிபதி ஒபாமா 2013 ஜனவரியில் ஆய்வைத் தொடங்குமாறு பணித்து ஒரு கோடி டொலர் கேட்டார். கொங்கிரஸ் அதைக் கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஆய்வு முற்றாக அழிந்துவிடாமல் காத்தவர்கள் சில அறக்கட்டளைகளும் சில தனிமனிதர்களுமே. கலிபோர்னியாவின் அவசர சிகிச்சை வைத்தியரான காரென் வின்டமூட் தனது சொந்தப் பணத்தில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவிட்டு ஆய்வைத் தொடர்ந்தார். உலகின் மிகப் பணக்கார அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு வைத்தியர் தன் சேமிப்பிலிருந்து செய்ய நேர்ந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017 இல் வெளியான கணிப்பொன்று, இறப்பு எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால் ஒரு தசாப்த காலத்தில் ஏறத்தாழ 140 கோடி டொலர் பெற்றிருக்க வேண்டிய இந்த ஆய்வுத்துறைக்குக் கிடைத்தது 2 கோடி 20 இலட்சம் மாத்திரமே என்று கூறியது. வெறும் 1.6 சதவீதம்!

வைத்தியர்கள் வாய் திறந்த போதும் அவர்களுக்குக் கிடைத்தது ஏளனமே. 2018 நவம்பரில் தேசிய றைபிள் சங்கம் வைத்தியர்களைத் தங்கள் எல்லைக்குள் நிற்குமாறு கூறி டுவிட்டரில் பதிவிட்டது. அதே நாள் இரவில் கலிபோர்னியாவில் கேளிக்கை விடுதியொன்றில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நெஞ்சில் பாய்ந்த குண்டை அகற்றுபவருக்கு அந்தக் குண்டைப் பற்றிப் பேச உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு?

2018 பெப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்ட பின்னரே, டிக்கி திருத்தம் ஆய்வைத் தடுக்காது என்ற விளக்கம் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துடனான அறிக்கையில் சேர்க்கப்பட்டது. 2019 டிசம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 2 கோடி 50 இலட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. இருபது வருடங்களுக்கு மேல் அடைபட்டிருந்த கதவு சற்றே திறந்தது. அடுத்து வந்த வருடங்களிலும் தொகை அதே மட்டத்தில் தான் நின்றது. 2023 ஆம் ஆண்டின் மரணங்களுடன் வகுத்துப் பார்த்தால் ஒரு மரணத்துக்குச் சுமார் 535 டொலர்.

சற்றே திறந்த அந்தக் கதவை மீண்டும் சாத்தும் முயற்சியை 2025 இல் கண்டோம். டொனால்ட் ட்ரம்ப் இரண்டாவது தடவையாகப் பதவியேற்றதும் வெள்ளை மாளிகையில் 2023 இல் நிறுவப்பட்ட துப்பாக்கி வன்முறைத் தடுப்பு அலுவலகம் இல்லாமற் போனது. துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2024 ஜூனில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கை 2025 மார்ச்சில் அரச இணையத்தளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஏப்ரலில் காயத் தடுப்பு நிலையத்தின் ஊழியர்கள் பெருந்தொகையாக வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சமூக மட்டத்தில் வன்முறையைத் தடுக்கும் திட்டங்களுக்கான மானியங்களை நீதித் திணைக்களம் இடைநடுவில் நிறுத்தியது. 2026 ஆம் நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்ட யோசனையில் அந்த நிலையத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று நிர்வாகம் முன்மொழிந்தது. 1990 களில் றைபிள் சங்கம் கேட்டுப் பெற முடியாமற் போனதை, முப்பது வருடங்களின் பின்னர் வெள்ளை மாளிகை தானாகவே முன்வந்து கொடுக்கத் துணிந்தது.

அதே 2025 ஆம் ஆண்டின் ஓகஸ்ட் 8 ஆம் திகதி, அட்லாண்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் தலைமையகத்தை நோக்கித் துப்பாக்கிதாரி ஒருவர் நூற்றுக்கணக்கான வேட்டுகளைத் தீர்த்தார். பொலிஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். ஊழியர்கள் கதவுகளைப் பூட்டிக் கொண்டு ஒளிந்திருந்தார்கள். துப்பாக்கியைப் பற்றி ஆராய அஞ்சி நின்ற நிறுவனத்தின் ஜன்னல்களையே குண்டுகள் துளைத்துச் சென்றன.

2021 இன் உச்சத்திலிருந்து துப்பாக்கி மரணங்கள் குறைந்து வருகின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் ஏன் குறைகின்றன? தொற்றுநோய்க் காலத்தின் குழப்பம் தணிந்ததாலா? சமூகத் திட்டங்கள் பலன் தந்ததாலா? பொலிஸ் நடவடிக்கைகளாலா? இதற்கும் உறுதியான விடை வேண்டுமென்றால் அளக்கத்தான் வேண்டும். காரணம் தெரியாமல் குறையும் மரணம், காரணம் தெரியாமலே மீண்டும் கூடவும் செய்யும்.

அமெரிக்காவின் உள்வீட்டு விவகாரம் எமக்கு எதற்கு என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்த நாட்டில் இன்று ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களின் பிள்ளைகள் பாடசாலையில் எழுத்தும் இலக்கமும் கற்பதுடன், துப்பாக்கிதாரி நுழைந்தால் மேசைக்கடியில் சத்தமின்றி ஒளிந்திருக்கவும் பயிற்றப்படுகிறார்கள். போரிலிருந்து தப்பியோடியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தப் பயிற்சி உண்மையில் உயிரைக் காக்கிறதா, அல்லது பிஞ்சு மனங்களில் பயத்தை மாத்திரம் விதைக்கிறதா என்று ஆராய்ந்து சொல்லுமாறு கேட்பதற்கு அங்குள்ள எம்மவர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது. தமது தொகுதி உறுப்பினரிடம் கேட்கும் உரிமை இருக்கிறது.

அவர்கள் கேட்க வேண்டியவை அதிகமில்லை. துப்பாக்கி ஆய்வுக்கான நிதி, ஆளும் கட்சியின் மனநிலைக்கு ஏற்ப ஆடாமல், மரண எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும். டிக்கியின் வாக்கியமும் டீஹார்ட்டின் பூட்டும் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். ஆய்வின் முடிவு எந்தத் தரப்புக்குச் சாதகமாக அமைந்தாலும் அது முழுமையாக வெளியிடப்பட வேண்டும். துப்பாக்கி வீட்டைக் காக்கிறது என்று ஆய்வு நிரூபித்தால், அதையும் நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இந்த நிபந்தனைக்கு நாம் தயார். துப்பாக்கியின் பெயரால் அரசியல் செய்பவர்கள் தயாரா?